காது பார்த்த மதினி

கல்யாணமாகி அருப்புக்கோட்டைக்கு வந்த மறுநாள் காலையில், என் புருஷனுடைய அக்கா என்னை வாசற்படியில் வெயிலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து என் காதுக்குள் பார்த்தார். நான் பரளச்சிக்காரி. புகுந்த வீட்டில் என்னென்ன பார்ப்பார்கள் என்று ஊரில் ஆளாளுக்கு மிரட்டித்தான் அனுப்பியிருந்தார்கள். நகையைப் பார்ப்பார்கள், நடையைப் பார்ப்பார்கள், சோறு வடிக்கிற கையைப் பார்ப்பார்கள் என்றார்கள். காதுக்குள் பார்ப்பார்கள் என்று ஒருத்தியும் சொல்லவில்லை.

கையகலக் கண்ணாடி ஒன்றை வெயிலில் சாய்த்து, அந்த வெளிச்சத்தை என் காதுக்குள் விழவைத்து, மடலை மேலே தூக்கிப் பின்னால் இழுத்துப் பார்த்தார். அப்புறம் பெரிய மூச்சாக விட்டார்.

"அடியாத்தீ! உள்ள ஒரு மூடை பருத்தி கெடக்கும்போலயே. ஏ புள்ள, நேத்து கோயில்ல போதகர் ஐயா கேட்டதுக்குச் சம்மதம்னு சொன்னியே, காதுல விழுந்துதான் சொன்னியா, இல்ல குத்துமதிப்பாச் சொன்னியா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வந்து ஒரு நாள் ஆகவில்லை, நாத்தனார் கேட்கிற கேள்வியைப் பாருங்கள்.

"எங்க வீட்ல யாரும் செவிடு கெடையாது மதினி."

"செவிடுன்னு நான் எப்பச் சொன்னேன்? அடைப்புன்னேன். செவிடு வேற, அடைப்பு வேற. அடைப்புன்னா எடுத்துடலாம். வா, சாயங்காலம் எண்ணெய் விடுதேன்."

மூன்று சாயங்காலம் என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தேங்காய் எண்ணெய் விட்டார். விடுவதற்கு முன்னால் அந்த எண்ணெயைத் தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்ப்பார். நாலாம் நாள், கொதிக்கவைத்து ஆறவைத்த வெந்நீரை, அதையும் மணிக்கட்டில் பார்த்துவிட்டு, ரப்பர் குமிழ் வைத்த பீச்சுக்குழலில் எடுத்தார். நேரே உள்ளே பீச்சவில்லை. காதின் மேல்சுவரில் பட்டுத் திரும்பி வருகிற மாதிரி, மெல்ல மெல்ல. கழுத்துக்குக் கீழே நானே எனாமல் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என்ன விழுந்தது என்று சொல்லமாட்டேன். சாப்பிட்டுக்கொண்டு படிக்கிறவர்கள் இருப்பார்கள்.

அதற்குப் பிறகு கேட்டது இருக்கிறதே! பக்கத்துத் தெருவில் தறி ஓடுவது, ஓட்டின் மேல் காக்கா நடப்பது, என் வளையல் ஒன்றோடொன்று உரசுவது எல்லாம் வீட்டுக்குள்ளேயே நடப்பதுபோலக் கேட்டன. என் புருஷன் குறட்டை விடுகிற மனுஷன் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவரை நிம்மதியாகத் தூங்கியவள், அன்று இரவு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். காலையில் மதினியிடம் போய், "கொஞ்சம் காதுக் குறும்பியத் திருப்பி வெச்சு விடுங்க மதினி" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் எங்களுக்குள் வரவிருந்த நாத்தனார் சண்டை தொடங்குவதற்கு முன்பே முடிந்துபோனது. இன்றைக்கு நினைத்தாலும் அந்தச் சிரிப்புக்காக நெஞ்சு ஏங்குகிறது. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, சத்தமே வராமல் சிரிப்பார்.

அவர் என்னைவிட எட்டுப் பத்து வயது மூத்தவர். மூன்று வருஷக் குடும்பம், புருஷன் காலராவில் போய்விட்டார், பிள்ளை இல்லை. மதுரையில் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் சில வருஷம் ஆயா வேலை பார்த்தார். அங்கே காது பார்க்கிற நர்சம்மா ஒருவர் கிண்ணம் பிடிக்கத் தினமும் இவரைத்தான் கூப்பிடுவாராம். அங்கிருந்து திரும்பி வரும்போது அந்தப் பீச்சுக்குழல் ஒன்றையும் பழைய பாட்டுப்புத்தகம் ஒன்றையும் கொண்டுவந்தார். வேறு சொத்து கிடையாது. பருத்தியில் கொட்டை பிரிக்கிற ஜின்னிங் ஆலையில் எடை குமாஸ்தாவாக இருந்த தம்பி வீட்டில் ஒரு மூலை, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடகர் குழு, இவ்வளவுதான் அவருடைய வாழ்க்கை. இதில் அந்த மூலையைப் பிடுங்கியிருந்தால்கூட ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்.

பாடகர் குழு என்று சொன்னேனே, மதினி அதில் பாடமாட்டார். நான் இதைக் கேட்டபோது, "பாடுறவளுக்குத் தன் சத்தந்தான் பெருசாக் கேக்கும் புள்ள. யாராச்சும் ஒருத்தர் வாயை மூடிக்கிட்டுக் கேக்கணும்ல" என்றார். எங்கள் கோயிலில் பாட்டு நாலு குரலில் பாடுவோம். பெண்களில் மேல்குரல் ஒரு கூட்டம், ஆல்டோ என்கிற கீழ்க்குரல் ஒரு கூட்டம். ஆண்களிலும் அப்படி இரண்டு, அதில் அடிக்குரலுக்குப் பேஸ் என்று பேர். நாலும் சேர்ந்து ஒரே சத்தமாக வரவேண்டும், நாலும் தனித்தனியாகவும் கேட்க வேண்டும். இதைக் கலந்து கொடுப்பதுதான் மதினியின் வேலை. இருந்த ஆர்மோனியத்தின் துருத்தியை எலி தின்றுவிட்டது. மதினிக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. நாங்கள் பாடிக்கொண்டிருக்கும்போது பீடத்திலிருந்து வாசல்வரை நடப்பார், திரும்பி வருவார், சுவரோரமாகப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிறகு வந்து ஆட்களைத் தோளைப் பிடித்து நகர்த்துவார்.

"நீ ஒரு எட்டுப் பின்ன போ. நீ சுவத்தப் பாத்துப் பாடு. ஏ புள்ள, நீ முன்ன வா, உன் சத்தம் பொடவைக்குள்ளேயே நின்னு போகுது."

ஒரு எட்டு, அரை எட்டுதான். ஆனால் அடுத்த தடவை பாடும்போது எங்களுக்கே உடம்பு சிலிர்க்கும். என்ன மாறியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. குழம்பில் உப்புச் சரியாக விழுந்தால் உப்பு என்று தனியாகத் தெரியாதல்லவா, அது மாதிரி.

ஆனால் அதற்கு முன்னால் காது. காது பார்க்காமல் யாரையும் குழுவில் சேர்க்கமாட்டார். எங்கள் ஊரில் அதற்குக் காரணமும் இருந்தது. பாடுகிறவர்களில் பாதிப் பேர் ஜின்னிங் ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்கள். இயந்திரச் சத்தம் தாங்காமல், கைக்குக் கிடைத்த பஞ்சைத் திரித்துக் காதில் அடைத்துக்கொள்வார்கள். சாயங்காலம் அதை எடுக்கும்போது பாதி வரும், பாதி உள்ளேயே அறுந்து தங்கிவிடும். மறுநாள் அதற்கு மேல் இன்னொரு பஞ்சு. இப்படியே மாசக்கணக்கில் பஞ்சும் குறும்பியும் தூசியும் சேர்ந்து இறுகிப்போகும். அவர்களுக்கோ காது கேட்கவில்லை என்பதே தெரியாது. ஊர்க்காரர்கள் எல்லாரும் முணுமுணுக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வாசலில் கூட்டம் கூடும். ஆளுக்கொரு சொம்பு தண்ணீர் கொண்டுவரவேண்டும் என்பது சட்டம். நம் சீமையில் தண்ணீர் என்ன லேசா? குடிக்கிற தண்ணீருக்கு ஊருணியில் வரிசை நிற்கிற காலம். "கஞ்சிக்குத் தண்ணியக் காணோம், இங்க காதுக்குத் தண்ணி வார்க்காக" என்று தெருவில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மதினி அதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவார்.

கூட்டத்தில் எல்லாருக்கும் செய்யவும் மாட்டார். சீழ் வடிகிற காது, வலிக்கிற காது என்றால் கையை எடுத்துவிடுவார். "உள்ள சவ்வுல ஓட்டை இருந்தா எண்ணெயும் ஆகாது, தண்ணியும் ஆகாது. டாக்டர்ட்ட போ." கெஞ்சினாலும் செய்யமாட்டார். அடைப்பே இல்லாமல் சும்மா வந்து உட்காருகிறவர்களையும் எழுப்பி அனுப்புவார். "குறும்பி காவக்காரன் மாதிரி. பூச்சி பொட்டு உள்ள போகாம நிக்கான். அவன் பாட்டுக்கு இருக்கட்டும். வழிய மறிச்சாத்தான் நகத்தணும்." கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல, சுத்தமா இருக்கு, எந்திரி" என்று முதுகில் தட்டுவார். பரீட்சையில் பாசான மாதிரி எழுந்து போவார்கள்.

ஒரே ஒரு தடவைதான் அவர் கத்தி நான் பார்த்திருக்கிறேன். மேல்குரலில் பாடும் போதகர் வீட்டம்மா கொண்டை ஊசியால் காதைக் குடைந்து ரத்தத்தோடு வந்து நின்றார். மதினிக்கு முகம் வெளுத்துவிட்டது. "அம்மா, ஊசியக் கொண்டையில குத்துங்க. குத்துற எடமா இது? முழங்கையத் தவிர வேற எதையும் காதுக்குள்ள விடாதீகன்னு எத்தனை தரம் சொல்லியிருக்கேன்!" முழங்கை எப்படிக் காதுக்குள் போகும் என்று அந்த அம்மா முழித்தார். போகாதல்லவா, அதுதான் விஷயம். போதகர் ஐயா பக்கத்தில் நின்றுகொண்டு நிலத்தைப் பார்த்தார். அவரும் தீக்குச்சி போடுகிறவர்தான்.

ஞானமுத்து அண்ணன் கதையைச் சொல்லாமல் விட்டால் இது முழுசாகாது. ஆலையில் பொதி தூக்குகிறவர். ஆள் உயரமும் அகலமும் பார்த்தால் கதவை மறைக்கும். பேஸ் குரல். அவர் வாயைத் திறந்தால் மற்ற மூன்று குரலும் ஓடி ஒளிந்துகொள்ளும். "அண்ணே, கொஞ்சம் மெதுவா" என்று எல்லாரும் சொல்லிப் பார்த்தார்கள். மனுஷன் புண்பட்டுப்போய்க் குழுவை விட்டு நிற்கப்போனார். மதினி ஓடிப்போய்க் கூட்டிவந்து கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தார். எண்ணெய் விட்டு, நாள் விட்டு, மறுபடி எண்ணெய் விட்டு, ஒரு சனிக்கிழமை தண்ணீர் பீச்சினார். கிண்ணத்தில் பஞ்சுத் தக்கை ஒன்று விழுந்தது. அண்ணன் அதை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்து, "இது ரெண்டு வருஷத்துக்கு முன்னால உள்ள பஞ்சும்மா" என்றார். பஞ்சைப் பார்த்தே வருஷம் சொல்கிற மனுஷன்.

மறுநாள் கோயிலில் முதல் வரி பாடினார், பாதியில் நிறுத்தினார். முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"ஏம்மா, இம்புட்டுச் சத்தமாவா நான் பாடிக்கிட்டிருந்தேன்?"

"ஆமண்ணே" என்றோம் எல்லாரும் ஒரே குரலில். நாலு குரலும் அன்றைக்குத்தான் அவ்வளவு ஒழுங்காகச் சேர்ந்தது.

அன்று வீட்டுக்கு வரும் வழியில் மதினி சொன்னார்: "பாத்தியா, காதடைச்சவனுக்கு அடுத்தவன் மேலதான் குத்தம் தெரியும். தன் சத்தம் தனக்குத் தெரியாது."

இப்படித்தான் ஐந்தாறு வருஷம் போயிற்று. உலகச் சண்டை வந்தது, மண்ணெண்ணெய்க்கு ரேஷன் வந்தது, மழை வந்தது வராமல் போனது. மதினி கோயிலில் நடந்துகொண்டே இருந்தார்.

சண்டை முடிந்த வருஷம் என்று நினைக்கிறேன். ஒரு நாள் ஒத்திகையில் மதினி மேல்குரல் பெண்களை ஒரு எட்டு முன்னால் வரச்சொன்னார். அடுத்த வாரம் இன்னொரு எட்டு. "ஏன் புள்ளைகளா, வாய்க்குள்ளேயே பாடுறீக?" என்றார். அவர்கள் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஞானமுத்து அண்ணனைப் பின்னால் போகச்சொன்னார். பிறகு கடைசி வரிசைக்கு. பிறகு கதவோரத்துக்கு. ஒரு வாரம் அவரை வெளியே வேப்ப மரத்தடியில் நிற்கச்சொல்லி, ஜன்னல் வழியாகப் பாடச்சொன்னார். மொட்டை வெயில். அண்ணன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போய் நின்றார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

உள்ளே நின்று கேட்கிறவர்களுக்குப் பெண்கள் சத்தம் மட்டும் கூரையைப் பிய்த்தது. மதினி சுவரோரம் கண்ணை மூடி நின்று, "ம், இப்பச் சரியாருக்கு" என்றார்.

வீட்டிலும் அப்படித்தான். குருவி கத்துவது கேட்கவில்லை. நான் பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பவில்லை. என் புருஷனுடைய கட்டைக் குரல் மட்டும் கேட்டது. என் தலையணை உறையைத் துவைக்கும்போது மதினியுடையதையும் துவைப்பேன். அதில் எண்ணெய்க் கறை. இரண்டு பக்கமும். மதினி தன் காதுக்குத் தானே எண்ணெய் விட்டுக்கொள்கிறார், யாரும் இல்லாதபோது தானே தண்ணீரும் பீச்சிக்கொள்கிறார் என்று புரிந்தது. அடைப்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைக்க விரும்பினேன் என்று சொல்வதுதான் சரி.

அந்தச் சமயம் பார்த்து அசனப் பண்டிகை வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை சபை முழுக்கச் சேர்ந்து சோறு பொங்கிச் சாப்பிடுகிற பண்டிகை. அந்த வருஷம் திருச்சுழி, நரிக்குடி, பரளச்சி என்று எல்லாச் சபைக்காரர்களையும் அழைத்திருந்தார்கள். முதல் தடவையாக மைக் செட்டும் பேசியிருந்தார்கள். போதகர் ஐயா என் புருஷனைத் தனியாகக் கூப்பிட்டு, காதும் காதும் வைத்த மாதிரி சொன்னாராம்: "அக்காவுக்கு முடியலபோலத் தெரியுது. இந்த வருஷம் திருச்சுழியிலேர்ந்து வாத்தியார் ஒருத்தரக் கூப்பிட்டுப் பாட்டைப் பாத்துக்கச் சொல்லலாமா? அக்கா மனசு நோகாம நீங்கதான் சொல்லணும்."

என் புருஷன் அதை என்னிடம் சொல்லிவிட்டு, சாப்பிடாமல் எழுந்து போனார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. போதகர் ஐயாவின் காதில் கிடந்த தீக்குச்சித் தலையை எடுத்ததே மதினிதான். ஆனால் ஆத்திரப்பட்டு என்ன செய்ய? ஐயா சொன்னது பொய்யில்லை. பாட்டை எடுத்துவிட்டால் மதினிக்கு வாரத்தில் ஏழு நாளும் வெறும் நாள்தான். இது ஐயாவுக்கும் என் புருஷனுக்கும் எனக்கும் தெரியும்.

மறுநாள் காலை மதினியே என்னைக் கூப்பிட்டார். வாசற்படியில் வெயிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை என் கையில் கொடுத்தார்.

"ஏ புள்ள, என் காதக் கொஞ்சம் பாரு. எனக்கு நானே பாக்க முடியாதுல்ல. ரொம்ப உள்ள போய் ஒட்டிக்கிட்டிருக்குபோல. எண்ணெய்க்கு எளக மாட்டேங்குது."

அதுவரை அவர் காதை யாரும் பார்த்ததில்லை. வெயிலைப் பிடித்து உள்ளே விழவைத்தேன். மடலைத் தூக்கிப் பின்னால் இழுத்தேன்.

உள்ளே ஒன்றும் இல்லை. கோடையில் எங்கள் ஊர்க் கண்மாய் மாதிரி அந்த வழி வெறிச்சென்று கிடந்தது. கடைசியில் அந்தச் சவ்வு, வெங்காயச் சருகு போல, பளபளவென்று. அவ்வளவு சுத்தமான காதை நான் பார்த்ததில்லை.

"எம்புட்டு இருக்கு?" என்றார் மதினி. இருக்கிறதா என்று கேட்கவில்லை, எவ்வளவு என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல மதினி."

"என்ன?"

"ஒண்ணும் இல்ல மதினி."

"சத்தமாச் சொல்லு புள்ள."

"ஒண்ணும் இல்ல மதினி! சுத்தமா இருக்கு!"

நான் கத்தியது தெருவுக்கே கேட்டது. எதிர்வீட்டுத் தறிக்காரர் மனைவி, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், நூல் உலர்த்திக்கொண்டிருந்தவர், திரும்பிப் பார்த்துச் சிரித்து, "நல்லதாப் போச்சு, அக்கா!" என்றார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? எங்கள் வாசலில் சுத்தம் என்று சொன்னால் அது நல்ல செய்தி.

"அந்தக் காதையும் பாரு" என்றார்.

பார்த்தேன். ஆண்டவரே, ஒரு உளுந்தளவு குறும்பியாவது காட்டிவிடு என்று கேட்டுக்கொண்டே பார்த்தேன். குறும்பிக்காக ஜெபம் பண்ணிய பெண்பிள்ளை உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதிலும் இல்லை. தலையை ஆட்டினேன்.

"அப்ப அடைப்பு இல்ல" என்றார் மதினி.

நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. கிண்ணத்தில் தயாராக வைத்திருந்த வெந்நீரை வீணாக்காமல் எடுத்துப்போய் முருங்கை மரத்துக்கு ஊற்றினார். ஊற்றிவிட்டு, மரத்தைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் அங்கேயே நின்றார். பிறகு வந்து, என் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, உலை வைக்கப் போனார்.

மதுரைக்கும் கூட்டிப்போனோம். காது நரம்பு பட்டுப்போய்விட்டது, மருந்து இல்லை, போகப்போக மிச்சமும் போகும் என்று டாக்டர் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் மதினி ஜன்னலோரம் உட்கார்ந்து கரிசல் காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். என் கை அவர் மடியில் இருந்தது. அதை விடவே இல்லை.

திருச்சுழி வாத்தியாரைக் கூப்பிடுகிற பேச்சை அன்றிரவு என் புருஷன் மதினியிடம் சொல்லிவிட்டார். அந்த வார ஒத்திகைக்கு அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். எனக்கு முன்னால் கிளம்பி நின்றார். நேரே வேப்ப மரத்தடிக்குப் போனார். ஞானமுத்து அண்ணன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்.

"உள்ள வாங்கண்ணே. உங்க சத்தம் பெருசு இல்ல. எனக்குத்தான் மத்த சத்தமெல்லாம் போச்சு."

"அதனால என்னம்மா, எனக்கு இங்க காத்து நல்லா வருது" என்றார் அண்ணன். ஒரு இலைகூட அசையவில்லை.

மதினி அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார். எல்லாரும் எழுந்து நின்றோம். போதகர் ஐயாவும் இருந்தார். மதினி எங்கள் எல்லாரையும் பார்த்துச் சொன்னார்:

"வெளியூர்லேருந்து யாரையும் கூப்பிட வேண்டாம். என் தம்பி பொண்டாட்டிக்குக் காது நல்லா இருக்கு. அவ கேக்கட்டும். அவ சொல்ற எடத்துல நில்லுங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "நான் பாடுறேன். எங்க நிக்கட்டும்?"

அத்தனை வருஷத்தில் அவர் பாடி நாங்கள் யாரும் கேட்டதில்லை. நான் வரிசையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவரே இடம் பார்த்துக்கொண்டார். "ஞானமுத்து அண்ணன் பக்கத்துல நிக்கிறேன். அந்தச் சத்தந்தான் எனக்கு இன்னும் முழுசா வருது. அதப் புடிச்சுக்கிட்டே போயிருவேன்."

பண்டிகையன்று கோயில் மைதானத்தில் பந்தல். ஒரு பக்கம் அண்டா அண்டாவாகச் சோறு வெந்துகொண்டிருந்தது. பந்தல் காலில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி, நடுவில் ஒரே ஒரு மைக் வைத்தார் செட்டுக்காரர். "எல்லாரும் இதச் சுத்தி நின்னு பாடுங்க" என்று சுலபமாகச் சொல்லிவிட்டுப் போனார். அப்படி நின்றால் குழாயில் வருவது பாட்டாகவா இருக்கும்? நான் மதினி செய்த மாதிரியே செய்தேன். ஆல்டோவை மைக்குக்குக் கிட்டே, மேல்குரலை இரண்டு எட்டுத் தள்ளி, ஆண்களை அவர்களுக்குப் பின்னால், ஞானமுத்து அண்ணனையும் மதினியையும் வலது ஓரத்தில். தள்ளிப் போய்க் கூட்டத்தின் நடுவில் நின்று குழாயைக் கேட்டேன். திரும்பி வந்து நகர்த்தினேன். மறுபடி போய்க் கேட்டேன். என் சொந்த ஊர்க்காரர்கள், "நம்ம பரளச்சிப் புள்ள என்ன, ஆட்டுக்கெடை மறிக்கிற மாதிரி அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுது?" என்று சிரித்தார்கள்.

பாட்டுத் தொடங்கியது.

மதினியின் குரல் எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். நன்றாக இல்லை. பொய் சொல்ல எனக்கு வராது. கனத்த குரல், கொஞ்சம் உடைந்தது, சுருதிக்கு ஒரு மயிரிழை கீழே ஓடியது. எல்லாவற்றுக்கும் மேல் சத்தம். சேலையில் ஒரே ஒரு இழை தடிப்பாக ஓடினால் முழுச் சேலையிலும் அதுதானே தெரியும்? அப்படி, அத்தனை குரலுக்கும் நடுவே அது ஒன்று துருத்திக்கொண்டு குழாய் வழியாக மைதானம் முழுக்கப் போயிற்று. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணை மூடவில்லை. நன்றாகத் திறந்து, வானத்தைப் பார்த்துப் பாடினார். அவ்வளவு காலமும் வாயை மூடிக்கொண்டிருந்தவர் ஒரேயடியாகப் பாடித் தீர்த்தார். எனக்குக் கண் மறைத்தது.

முதல் பாட்டு முடிந்ததும் மதினி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, மைக் பக்கம் போன என்னிடம் வந்தார்.

"ஏ புள்ள, பக்கத்துல நின்னும் ஞானமுத்து அண்ணன் சத்தம் எனக்குக் கேக்கல. அப்படின்னா நான் எம்புட்டுக் கத்தியிருக்கணும்! கலப்பு கெட்டுப்போச்சுல்ல?"

"ஆமா" என்றேன். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"அடுத்த பாட்டுக்கு என்னையப் பந்தலுக்கு வெளிய நிறுத்து."

"மாட்டேன்."

"கெட்டுப்போகும் புள்ள. வெளியூர்ச் சனமெல்லாம் வந்திருக்கு."

"கெட்டுப்போகட்டும். யாரு எங்க நிக்கணும்னு இன்னைக்கு நான்தான் சொல்லுவேன். நீங்கதான் சொன்னீக."

"இதுக்கா உன்னையக் கேக்கச் சொன்னேன்? திமிரு புடிச்ச கழுத!"

"இதுக்குத்தான்" என்று கத்தினேன். மைக் அதையும் வாங்கிப் பந்தல் முழுக்கச் சொன்னது. பரளச்சிக்காரர்கள் ஓவென்று சிரித்தார்கள். மதினியின் தோளைப் பிடித்தேன். பின்னால் தள்ளவில்லை. மைக்குக்குப் பக்கத்தில் ஒரு எட்டு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன்.

இரண்டாம் பாட்டு அதைவிட மோசமாக இருந்தது என்று திருச்சுழி வாத்தியார் சொன்னாராம். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அதற்குப் பிறகு மதினி இருந்தது கொஞ்ச காலம்தான். ஒரு காய்ச்சல் வந்தது, ஒரு வாரத்தில் போய்விட்டார். இருந்தவரை ஞாயிறு தவறாமல் முன்வரிசையில் நின்று பாடினார்.

இப்போது எங்கள் கோயிலில் ஆளுக்கொரு மைக். பெட்டி நிறையத் திருகு வைத்துக்கொண்டு ஒரு பையன் உட்கார்ந்து, எல்லாக் குரலையும் அளந்து அளந்து கலக்குகிறான். நல்ல பையன், நன்றாகச் செய்கிறான். ஒரு குரல் மிஞ்சுவதில்லை, ஒரு குரல் அமுங்குவதில்லை. எனக்கு இந்த வயதிலும் காது நன்றாகக் கேட்கிறது, ஒரு குறையும் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் பாட்டு முடிகிறவரை உட்கார்ந்து, அதற்குள்ளிருந்து ஏதாவது ஒரு சத்தம் சுருதி விட்டு, அளவு மீறி, துருத்திக்கொண்டு வராதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். எல்லாம் சரியாகவே இருக்கிறது. வீட்டுக்கு வந்து அழுகிறேன்.